மன்னாருக்குப் போகாத ரயில்: புத்தளம் புகையிரத நிலையத்தின் நூறாண்டு

திங்கட்கிழமைகளில் சுபஹ் பாங்கு சொல்வதற்கு முன்பே புத்தளம் புகையிரத நிலையத்துக்கு வந்துவிடுவேன். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுவது என் தொழில். வெள்ளி இரவு வீடு வந்து திங்கள் விடியப்புறம் திரும்பிப் போகும் வாழ்க்கை எனக்கு இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. மேடையில் நிற்கிறவர்களில் பாதிப்பேரை முகம் தெரியும். ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிறவர்கள், வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போகும் பெண்கள், கருவாட்டுப் பெட்டி ஏற்றுகிறவர்கள், என்னைப் போன்ற கடைச் சிப்பந்திகள்.

இவர்களில் கணிசமானோரின் தாய் தகப்பன் இந்த ஊரில் பிறந்தவர்கள் அல்லர். நானும் இந்த ஊரில் பிறக்கவில்லை. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது.

நான் ரயில்வே ஊழியனோ வரலாற்றாசிரியனோ அல்லன். இந்த நிலையத்தில் ஏறி இறங்கியவன் என்ற முறையில் அதன் கதையை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. யாழ்ப்பாணப் பாதையைப் பற்றியும் யாழ்தேவியைப் பற்றியும் நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். புத்தளம் பாதையைப் பற்றி தமிழில் எழுதியவர்கள் குறைவு. ஆனால் போர் துரத்திய பல்லாயிரம் பேருக்கு முப்பது வருடங்களாக இதுதான் பாதை.

தேங்காய்க்கும் உப்புக்கும் வந்த பாதை

புத்தளம் பாதை ராகமையில் பிரதான பாதையிலிருந்து பிரிகிறது. அங்கிருந்து கரையோரமாக வடக்கு நோக்கி வந்து, 1909இல் நீர்கொழும்பையும் 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் எட்டியது. ஆகவே புத்தளத்துக்கு ரயில் வந்து இப்போது நூறு வருடமாகிறது.

அந்த ஆண்டுகளை வடக்கின் ஆண்டுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பாதை 1905இல் முழுமையடைந்தது. தலைமன்னாருக்கு 1914இல் ரயில் போய்விட்டது. கொழும்பிலிருந்து பார்த்தால் புத்தளம் அவ்விரண்டையும் விட மிக அருகில் இருக்கிறது. இருந்தும் இங்கே ரயில் கடைசியாகத்தான் வந்தது.

காரணம் எளிது. யாழ்ப்பாணத்தில் மக்களும் வணிகமும் இருந்தார்கள். தலைமன்னாரில் இந்தியா இருந்தது. அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது, தோட்டங்களுக்கு ஆட்கள் வந்தார்கள். புத்தளத்துக்கோ ஏற்கெனவே தண்ணீர்ப் பாதை இருந்தது. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய்களும் பிறகு ஆங்கிலேயர் வெட்டியவையும் களப்புகளோடு இணைந்து, புத்தளத்து உப்பைக் கொழும்புவரை படகில் கொண்டுபோயின. மாதம்பை, சிலாபம், நாத்தாண்டியாப் பக்கத்துத் தென்னந்தோட்டங்கள் பெருகி, கொப்பராவும் தேங்காயும் மலையாகக் குவிந்த பிறகே அவற்றைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயில் தேவைப்பட்டது. இன்று 'தென்னை முக்கோணம்' என்று பாடப்புத்தகத்தில் வரும் நிலத்தின் ஒரு பக்கம் இதுதான். 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதும் இந்தப் பாதையிலுள்ள லுணுவிலவில்தான்.

ஆக, இது பொருளுக்காகப் போட்ட பாதை. ஆட்கள் அதில் ஏறிக்கொண்டார்கள்.

பெயர்ப்பலகைகள் சொல்வது

கொச்சிக்கடையைத் தாண்டி மகா ஓயாப் பாலத்தைக் கடந்ததும் புத்தளம் மாவட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து புத்தளம் வரை நிலையப் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தால் ஒரு வரலாறு கிடைக்கும். காக்காப்பள்ளி, ஆனைவிழுந்தான், புளிச்சாக்குளம், முந்தல், மதுரங்குளி, எருக்கலம்பெண்டு, பாலாவி, தில்லையடி. சிங்களத்தில் சிலவற்றின் ஒலி மாறியிருக்கிறது. ஆனைவிழுந்தான் ஆனவிழுந்தாவ ஆகிவிட்டது. ஆனால் தமிழ் காதுக்கு வேர் எது என்று தெரியும்.

இந்தக் கரை பல நூற்றாண்டுகளாகத் தமிழ் பேசிய கரை. 1344இல் இபன் பதூதா புத்தளத்தில் வந்து இறங்கியபோது அங்கே சந்தித்தது ஆரியச் சக்கரவர்த்தியை. 'தமிழ் புளூட்டாக்' எழுதிய சைமன் காசிச்செட்டி கற்பிட்டியில் பிறந்தவர். சிலாபத்தருகே முன்னேஸ்வரம் இருக்கிறது. உடப்பில் இன்றும் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறார்கள். அதேவேளை நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடையிலுள்ள கத்தோலிக்கக் கரையோர மக்களில் பெரும்பாலானோர் கடந்த நூற்றாண்டில் பாடசாலை வழியாகவும் பூசை மொழி வழியாகவும் சிங்களத்துக்கு மாறிவிட்டார்கள். ரயிலில் என்னோடு வரும் சில மீனவப் பெண்களின் பாட்டிமார் தமிழில் செபம் சொன்னவர்கள். பேத்திமாருக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவர்களை யாரும் துரத்தவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே மொழி போய்விட்டது. எங்களுக்கு நேர்மாறு. மொழி இருக்கிறது, இடம் போய்விட்டது.

பட்டியலில் எருக்கலம்பெண்டு என்றொரு பெயர் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். பாலாவிக்குத் தெற்கே உள்ள சிறிய நிறுத்தம் அது. நாங்கள் வந்த புதிதில் ஒருநாள் வாப்பாவோடு பஸ்ஸில் போகும்போது யாரோ அந்தப் பெயரைச் சொல்ல, எங்கள் எருக்கலம்பிட்டி என்று நினைத்து நான் எழும்பி நின்றுவிட்டேன். வாப்பா என் தோளைப் பிடித்து இருத்தினார். "அது வேற, மகன்" என்றார். அன்றைக்கு அவர் வேறொன்றும் பேசவில்லை.

கல் ரயில்

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு புத்தளத்தில் ஒரு தளம் வைத்திருந்தது. சேற்றில் அகப்பட்ட விமானங்களை யானை கட்டி இழுக்கும் படங்கள் இன்றும் கிடைக்கின்றன.

போருக்குப் பின்னர் பாதையின் தலைவிதியை மாற்றியது சீமெந்து. நாட்டின் முதலாவது சீமெந்து ஆலை 1950இல் காங்கேசன்துறையில் தொடங்கியது. அடுத்த பெரிய ஆலை 1970இல் பாலாவியில் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் புத்தளத்துக்கு வடக்கே அறுவக்காட்டில் வெட்டப்படுகிறது. கல்லை ஆலைக்குக் கொண்டுவர சுமார் 40 கிலோமீற்றர் நீளத்துக்கு ரயில் போகிறது. ஆகவே பயணிகள் ரயில் புத்தளம் நகரத்தோடு, நூர்நகரோடு நின்றுவிட, கல்வண்டி மட்டும் அதைத் தாண்டி வடக்கே போய் வருகிறது.

சிறுவயதில் எங்களுக்கு இந்தக் கல்வண்டி பெரிய புதிர். ஆட்களை ஏற்றும் ரயில் தெற்கே மட்டும் போக, வெறும் பெட்டிகள் வடக்கே போகின்றனவே என்று யோசிப்போம். அதில் ஒளிந்து ஏறினால் மன்னாருக்குப் போய்விடலாம் என்று முகாம் பிள்ளைகளுக்குள் ஒரு கதை உலவியது. அது காட்டுக்குள் ஒரு கல்லுக்கிடங்கில் போய் நிற்கும் என்று எங்களுக்குத் தெரியாது.

1990இல் போர் காங்கேசன்துறை ஆலையை மூடியது. அதே வருடம் யாழ்ப்பாண ரயிலும் தலைமன்னார் ரயிலும் நின்றன. அதே வருடம் நாங்களும் வெளியேற்றப்பட்டோம்.

1990க்குப் பின்

1990 ஒக்டோபர் பிற்பகுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் ஐந்து மாவட்டங்களையும் விட்டு வெளியேறினார்கள். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்கள் வவுனியா வரை தரைவழியாக வந்தார்கள். மன்னார்த் தீவினரில் பெரும்பாலானோர் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்தார்கள்.

வந்தவர்களில் மிகப்பெரும் பங்கினரைப் புத்தளம் மாவட்டம் ஏற்றுக்கொண்டது. கற்பிட்டி மீனவர்கள் கடலுக்குள் நீந்தி வந்து பிள்ளைகளைத் தூக்கிக் கரையேற்றியதை நான் பார்த்தேன். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் புத்தளத்து மக்கள் சமைத்துப் போட்டார்கள். அதை மறந்தால் எங்களுக்கு நன்றி கிடையாது. ஆனால் ஒரு கிழமைக்கு என்று வந்த விருந்தாளி பத்து வருடம், இருபது வருடம் இருந்தால் என்ன நடக்குமோ அதுவும் நடந்தது. கிணறு ஒன்று, வாளி பல. வகுப்பறை ஒன்று, பிள்ளைகள் இரு மடங்கு. கூலிக்கு ஆள் கூடியதும் கூலி குறைந்தது. 'அகதி' என்பது எங்கள் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

முகாம்கள் பெரும்பாலும் இந்தப் பாதையின் ஓரங்களில்தான் அமைந்தன. பாலாவி, தில்லையடி, நாகவில்லு, கற்பிட்டி வீதி. தில்லையடி இன்று ஒரு நகரம் போல் இருக்கிறது. அன்று மணல், உப்பங்காற்று, கிடுகுக் கொட்டில். ரயில் சத்தத்தை வைத்துத்தான் உம்மா நேரம் பார்ப்பார். காலை ரயில் போனால் அடுப்பு மூட்ட வேண்டும். பின்னேர ரயில் வந்தால் பின்னிக்கொண்டிருந்த பாயைச் சுருட்டி வைக்க வேண்டும்.

அந்தக் காலையில் போன ரயில்தான் மெல்ல மெல்ல முகாமைக் கொழும்போடு கட்டியது. புறக்கோட்டைக் கடைகளில் வேலைக்குப் போன முதல் ஆட்கள், வளைகுடாவுக்குப் போன முதல் பெண்கள், பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளைகள் எல்லோரும் இந்த மேடையில் நின்றவர்கள். நிவாரண அட்டையில் கிடைத்தது அரிசியும் பருப்பும். மிச்சத்தை இந்த ரயில் கொண்டுவந்தது. சிலாபம் வரைதான் இது உண்மையில் புறநகர் ரயில்; அங்கிருந்து தெற்கே பெட்டிகள் நிரம்பி வழியும். சிலாபத்துக்கு வடக்கே ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்களே ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும்.

பெரும்பகுதி ஒற்றைப் பாதை. எதிரெதிராக இரண்டு ரயில்கள் ஒரே துண்டில் வந்துவிடாமல் இருக்க ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரையான துண்டுக்கு ஓர் உலோக வில்லை. பெரிய வளையம் ஒன்றில் தொங்கும் தோல் பையில் அதை வைத்து நிலைய அதிபர் சாரதியிடம் கொடுப்பார். அந்த வில்லை கையில் இருந்தால் மட்டுமே ரயில் அந்தத் துண்டுக்குள் நுழையலாம். அடுத்த நிலையத்தில் அதைக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்க வேண்டும். சிறுவனாக அதைப் பார்க்கும்போது, எங்களுக்கும் அப்படித்தானே என்று நினைப்பேன். பொலிஸ் பதிவு, கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒன்றைக் காட்டினால்தான் அடுத்த துண்டுக்குப் போகலாம். அடையாள அட்டையில் மன்னார் முகவரி இருந்ததால் போர்க்காலத்தில் கொழும்பில் என்னை இறக்கி விசாரித்த நாட்கள் உண்டு. புலிகள் துரத்திய ஊரின் பெயரைச் சொன்னதற்காகப் புலி என்று சந்தேகிக்கப்பட்டேன். இதைச் சொன்னால் யாழ்ப்பாணத்து நண்பர்கள் கசப்போடு சிரிப்பார்கள். அவர்களுக்கு அது தினசரிக் கதை.

இரண்டு பாதைகள், நடுவே காடு

புத்தளத்திலிருந்து மன்னார் நேர்வடக்கே இருக்கிறது. இலவன்குளம், மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வழியாகச் செல்லும் பழைய கரையோரப் பாதையில் சுமார் 100 கிலோமீற்றர். அந்தப் பாதை வில்பத்து வழியாகப் போகிறது. போர் முடிந்ததும் 2010இல் அது மீளத் திறக்கப்பட்டபோது, சரணாலயத்துக்கு ஆபத்து என்று சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வழக்கைப் பற்றிய செய்திகளில் காட்டுக்கு அப்பால் எங்கள் ஊர் இருக்கிறது என்பது பெரும்பாலும் இருக்கவில்லை. அந்தப் பாதை இல்லையென்றால் அநுராதபுரம், மதவாச்சி சுற்றி 180 கிலோமீற்றர் அளவில் பஸ்ஸில் போக வேண்டும்.

ரயிலில் போவதென்றால் கணக்கு இன்னும் விநோதமானது. புத்தளத்திலிருந்து தெற்கே ராகமைக்கு வர வேண்டும். அங்கிருந்து பிரதான பாதையில் பொல்காவலை, பிறகு மாஹோ, அநுராதபுரம், மதவாச்சி. மதவாச்சியில் பிரியும் பாதையில் தலைமன்னார். எல்லாமாக 400 கிலோமீற்றரைத் தாண்டும். வடக்கே போக, முதலில் பாதி நாள் தெற்கே போக வேண்டும்.

இரண்டு பாதைகளும் வேறு வேறு நோக்கத்துக்குப் போடப்பட்டவை. ஒன்று இந்தியாவை நோக்கி, மற்றது தேங்காயை நோக்கி. நடுவில் காடும் சிறிய கிராமங்களுமே இருந்தன. அவற்றை இணைக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு ஒரே மாதத்தில் ஒரு மக்கள் கூட்டம் இடம்மாறும் என்று ரயில் பாதை போட்டவர்கள் நினைத்திருக்க முடியாது.

2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலுக்கு வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு பஸ்களில் போனவர்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதிர்ஷ்டவசமாக யாரும் சாகவில்லை. அந்தச் செய்தியைப் படித்த தென்னிலங்கை நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன் இவ்வளவு பேர் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போய் வாக்களிக்கிறார்கள்?" அவருக்கு விளக்க எனக்கு ஒரு மணித்தியாலம் ஆனது.

வாப்பாவின் பயணம்

வாப்பா புத்தளம் ரயிலில் ஏறியதே இல்லை. கொழும்புக்குப் போக வேண்டி வந்தால் பஸ்ஸில் போவார். காரணம் கேட்டால், "அந்த ரயில் மன்னாருக்குப் போறல்லயே" என்பார். பகிடியாகத்தான் சொல்வார். ஆனால் ஏறமாட்டார். இளமையில் அவர் தலைமன்னார் ரயிலில் சாமான் கொண்டுபோய் விற்றவர். ரயில் என்றால் அவருக்கு அதுதான்.

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் போனது. 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் வரை பாதை திறக்கப்பட்டது. இந்தியப் பிரதமர் வந்து கொடியசைத்ததை வாப்பா தொலைக்காட்சியில் பார்த்தார். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், "ஒருக்காப் போய் வருவமா?" என்று கேட்டார்.

பஸ்ஸில் போனால் நாலைந்து மணித்தியாலத்தில் போய்விடலாம் என்றேன். வேண்டாம், ரயிலில் போவோம் என்றார். அப்படித்தான் அவர் முதல்முறையாகப் புத்தளம் நிலையத்தின் மேடையில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, சாரம், தொப்பி, கையில் உம்மா பின்னிய சிறிய பாய் ஒன்று. ஜன்னலோரம் இருந்து களப்பையும் உப்பளத்தையும் தென்னந்தோப்பையும் பார்த்துக்கொண்டே வந்தார். எருக்கலம்பெண்டு வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த பஸ் பயணத்தை அவர் மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கோட்டையில் இறங்கி, இரவு தலைமன்னார் ரயிலில் ஏறினோம். எங்களுக்கு எதிரே பேசாலைக்குப் போகும் தமிழ் அம்மா ஒருவர் இருந்தார். மகனைத் தேடிக் கொழும்பில் ஒரு காரியாலயத்துக்கு மனுக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். 2009க்குப் பிறகு மகனைப் பற்றித் தகவல் இல்லை. வாப்பா எந்த ஊர் என்று அறிந்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். மதவாச்சி தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நீங்கள் வெளிக்கிட்டுப் போகேக்க நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல, ஐயா."

வாப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "திறந்திருந்தா உங்களையும் அனுப்பியிருப்பாங்க தங்கச்சி. எங்களுக்கு வள்ளத்தில ஏறவாவது நேரம் தந்தாங்க. உங்கட மகனுக்கு என்ன நடந்ததெண்டு சொல்லக்கூட ஒருத்தரும் இல்ல."

அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இருவரும் மன்னார்ச் சந்தையில் அந்தக் காலத்து மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

2002 ஏப்ரலில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் இந்த வெளியேற்றத்துக்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் குறித்த பிரஜைகள் ஆணைக்குழு 2011இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. அவை முக்கியமானவை. ஆனால் வாப்பா அவற்றைப் பற்றிப் பேசியதில்லை. அந்த ரயில் பெட்டிப் பேச்சைத்தான் சாகும்வரை சொன்னார்.

விடிய மன்னாரில் இறங்கினோம். எருக்கலம்பிட்டியில் எங்கள் வீட்டின் அத்திவாரமும் கிணறும் இருந்தன. வாப்பா கிணற்றடியில் பாயை விரித்து இரண்டு ரக்அத் தொழுதார். மூன்று நாள் தங்கினோம். திரும்பி வந்து ஒரு கொட்டில் போடுவோமா என்று கேட்டேன். உம்மாவின் மருந்து புத்தளத்தில், என் பிள்ளைகளின் பாடசாலை புத்தளத்தில், என் உழைப்பு கொழும்பில். அவரே கணக்குப் பார்த்துவிட்டு, "நீ வேலையப் பாரு" என்றார்.

ரயிலில் ஏறாத ஒரு கிழமை

பாதையின் கதையில் ஒரு கிழமையை விட்டுவிட முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு, மே 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் அது குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்கும் பரவியது. எங்கள் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் தன் இடத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நான் வழமையாகப் போகும் ரயில் சிலாபத்தையும் நாத்தாண்டியாவையும் தாண்டியே போகும். அந்தத் திங்கட்கிழமை நான் போகவில்லை. வீட்டில் இருந்தபோது மனதில் ஓடியது ஒரே கேள்விதான்: இனி எங்கே போவது?

அடுத்த கிழமை ஏறினேன். பெட்டியில் தொப்பியோடு இருந்தது நான் மட்டும். மாதம்பையில் வழமையாக ஏறும் தேங்காய் வியாபாரி, சிங்களவர், எத்தனையோ வருடமாக முகம் தெரிந்தவர், அன்று வெறுமையாக இருந்த ஆசனங்களை எல்லாம் தாண்டி வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். பத்திரிகையை விரித்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு சொல் பேசவில்லை. ராகமையில் இறங்கும்போது, "எஹெனங் லபன சந்துதா" என்றார். 'அடுத்த திங்கள் பார்ப்போம்' என்று அர்த்தம். அவ்வளவுதான். அதற்கு அடுத்த திங்களும் நான் போனேன்.

இனி இந்தப் பாதையில் வருவது

2017இல் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து உயிர்கள் பறிபோன பின்னர், கொழும்பின் குப்பையை ரயிலில் ஏற்றி அறுவக்காட்டில் கொட்டும் திட்டம் வந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளில் தலைநகரின் குப்பை. 2018இல் புத்தளத்து மக்கள் மாதக்கணக்காக வீதியில் இருந்து அதை எதிர்த்தார்கள். அந்தப் போராட்டத்தில் புத்தளத்து முஸ்லிம், வடக்கிலிருந்து வந்த முஸ்லிம், உடப்புத் தமிழர், சிங்களக் கத்தோலிக்கர், பிக்குமார் என்று எல்லோரும் ஒரே பந்தலில் இருந்ததைப் பார்த்தேன். 'அகதி' என்ற சொல்லை அந்த நாட்களில் நான் கேட்கவில்லை. ஏற்கெனவே நுரைச்சோலை நிலக்கரிச் சாம்பலும் சீமெந்துத் தூசியும் சுவாசிக்கும் மாவட்டம் இது. யாருக்கும் வேண்டாதது எல்லாம் இங்கே வந்து சேர்கிறது என்ற உணர்வு ஊரார், வந்தார் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் இருந்தது.

யோசித்துப் பார்த்தால், நூறு வருடங்களில் இந்தப் பாதை தேங்காயை, உப்பை, கல்லைக் கொழும்புக்கும் ஆலைக்கும் கொண்டுபோனது. பிறகு எங்களைக் கூலிக்குக் கொண்டுபோனது. திரும்பிக் கொண்டுவர நினைத்தது குப்பையை.

நான் பெரிய கோரிக்கை எதையும் வைக்கவில்லை. வில்பத்துக் காட்டுக்குள் தண்டவாளம் போடுங்கள் என்று கேட்க மாட்டேன். ஆனால் சில சிறிய விடயங்கள் சாத்தியமானவை. சிலாபத்துக்கு வடக்கே ரயில்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். புத்தளம் ரயிலில் வருபவர் அதிகம் காத்திருக்காமல் தலைமன்னார் ரயிலைப் பிடிக்கும்படி நேரசூசியை ஒழுங்கு செய்யலாம். அதைவிட முக்கியமானது, எங்கள் தலைமுறை சாகும் முன்னர் இந்தப் பாதையோரத்து முகாம்களின் கதையைத் தமிழில் எழுதி வைப்பது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எழுதப்படும் போர் வரலாற்றில் தில்லையடிக்கும் நாகவில்லுக்கும் ஒரு அத்தியாயம் இருக்க வேண்டும். அதை முஸ்லிம்கள் மட்டும் எழுதினால் போதாது. பேசாலை அம்மாவைப் போன்றவர்களின் பக்கமும் அதில் வர வேண்டும்.

வாப்பா இப்போது இல்லை. புத்தளத்து மண்ணில்தான் அடங்கியிருக்கிறார். எருக்கலம்பிட்டிக் கிணற்றை நாங்கள் இறைத்துத் துப்புரவாக்கியிருக்கிறோம். தண்ணீர் நல்ல தண்ணீர். பெருநாள் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம், அநேகமாக பஸ்ஸில்தான். சின்ன மகளுக்கு மட்டும் ரயிலில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம். பாதையைச் சுற்றிக் காட்டி, ஒரு நாள் போகும், களைத்துப் போவாய் என்று சொன்னேன்.

"மூத்தவாப்பா போனார்தானே" என்கிறாள்.

வரும் விடுமுறைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.